மொட்டைமாடியிலிருந்து கொஞ்சம் உலகம்: பறவை பார்ப்பது எப்படி?

இன்னிக்குக் காலையில் ஹாஸ்டலிலிருந்து கிளாஸுக்கு நடந்து வந்த பத்து நிமிஷத்தில் நீங்க குறைந்தது பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகளைத் தாண்டி வந்திருப்பீங்க. சும்மா அடித்துவிடவில்லை. மெஸ் வாசலில் காக்கா, மைனா, புறா. கிரவுண்ட் புல்லில் உண்ணிக்கொக்கு. வயர் மேல வால் ரெண்டாகப் பிளந்து உட்கார்ந்திருக்கும் கரிச்சான். பார்க்கிங் பக்கத்துப் புதரில் கூட்டமாகக் கத்திச் சண்டை போடும் தவிட்டுக்குருவி. செம்பருத்திப் பூவில் தேன்சிட்டு. டேங்க் மேல வட்டமடிக்கும் பருந்து. இதில் பாதியை நாம எல்லாரும் "ஏதோ ஒரு குருவி" என்று ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுகிறோம். பறவை பார்ப்பது என்பது வேற ஒண்ணும் இல்லை, அந்த ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதைப் பெயர் வைத்துப் பிரிப்பதுதான்.

பெயர் என்றதும் ஒரு விஷயம். நான் படித்தது எல்லாம் இங்கிலீஷ் மீடியம். பள்ளிக்கூடத்தில் ராபின், கக்கூ எல்லாம் தெரியும், வீட்டு வேலியில் உட்கார்ந்திருப்பது என்னவென்று தெரியாது. முதல் வருஷ லீவில் ஊருக்குப் போனபோது என் அம்மாயி கூட உட்கார்ந்து மொபைலில் படம் காட்டிக் கேட்டேன். கண்ணாடி கூடப் போடாமல் பட்டு பட்டென்று சொல்லிக்கொண்டே போனார்: செம்போத்து, பனங்காடை, கொண்டலாத்தி, வால்காக்கை, ஆள்காட்டி. ஆள்காட்டிக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், காட்டில் ஆள் வந்தால் கத்தி ஊரையே கூட்டிவிடும், ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும். நத்தையைக் குத்தி எடுப்பது நத்தைகுத்தி நாரை. கரண்டி மாதிரி அலகு இருந்தால் கரண்டிவாயன். அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். யாரோ பல நூறு வருஷம் உட்கார்ந்து கவனித்து எழுதிய ஃபீல்டு நோட்ஸ்தான் இந்தப் பெயர்கள். இங்கிலீஷ் பெயரைவிட இது அடையாளம் காண ஈஸி என்பது என் கருத்து.

சரி, எப்படி அடையாளம் காண்பது? புதுசாக வருகிறவங்க எல்லாரும் முதலில் சொல்வது நிறம். "மஞ்சளா இருந்துச்சுப்பா." நிறம் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும், சூரியனுக்கு எதிரில் எல்லாப் பறவையும் கறுப்புதான். அதனால் முதலில் அளவு பாருங்க. சிட்டுக்குருவி, மைனா, காக்கா, இந்த மூணும் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இதையே ஸ்கேலாக வைத்துக்கொள்ளலாம்: மைனாவைவிடச் சின்னது, காக்காவைவிடக் கொஞ்சம் பெரிசு, இப்படி. அடுத்தது உருவம்: அலகு நீளமா குட்டையா, வால் எப்படி, கால் உயரமா. அதற்கடுத்து அது என்ன செய்கிறது. வயரிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தால் அது கரிச்சானாகவோ பஞ்சுருட்டானாகவோ இருக்க நிறைய வாய்ப்பு. தரையில் நடந்துகொண்டே வாலை மேலும் கீழும் ஆட்டினால் வாலாட்டி. நிறம் கடைசியில் வந்தால் போதும்.

நேரம் முக்கியம். காலை ஆறிலிருந்து எட்டரை. பதினொரு மணிக்கு எழுந்து வந்து "நம்ம காலேஜ்ல பறவையே இல்ல" என்று சொல்கிறவங்களை நான் மதிப்பதில்லை.

பைனாகுலர் இல்லாமலே ஆரம்பிக்கலாம். வாங்குவதாக இருந்தால் மட்டும் இந்த ஒரு கணக்கு தெரிந்திருக்கட்டும். அதில் 8×42 என்று போட்டிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் நம்ம வயசுக் கண்பாவை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அதனால் வருகிற ஒளி முழுக்க உள்ளே போகும். அதுவே மலிவாகக் கிடைக்கும் 10×25 என்றால் 2.5 மில்லிமீட்டர்தான். நல்ல வெயிலில் பிரச்சினை இல்லை, காலை ஆறேகாலுக்கு இருட்டாகத் தெரியும். அதோட பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. கடைக்காரர் "இது 30 மடங்கு சார்" என்று எடுத்து நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்க.

மெர்லின் ஆப் பலருக்குத் தெரிந்திருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. மொபைலை நீட்டினால் கேட்கும் குரல் எந்தப் பறவையுடையது என்று சொல்லும். மந்திரம் எல்லாம் இல்லை. நாம சிக்னல் பிராசஸிங் லேபில் பார்த்த அதே ஸ்பெக்ட்ரோகிராம்தான். ஒலியை நேரம் ஒரு அச்சிலும் அதிர்வெண் இன்னொரு அச்சிலும் வைத்துப் படமாக்குகிறார்கள். குயிலின் கூவல் அந்தப் படத்தில் படிப்படியாக மேலே ஏறும் வளைவுகளாகத் தெரியும். அப்புறம் அது வெறும் படத்தை அடையாளம் காணும் வேலை. நியூரல் நெட்வொர்க் அதைச் செய்யும். நீங்க இருக்கும் இடமும் தேதியும் கொடுத்தால், அந்த மாதத்தில் அந்த ஊரில் எது இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளும். ப்ராபபிலிட்டி பேப்பரில் பேயஸ் தேற்றம் எதுக்கு என்று கேட்டவங்களுக்கு இதோ ஒரு பதில். ஆனா அது சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது, மற்ற பறவைகளின் குரலை அப்படியே மிமிக்ரி பண்ணும். ஆப் அந்தப் பறவையின் பெயரைக் காட்டினால், உண்மையில் கூப்பிட்டது யார் என்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பார்த்தாச்சு, பெயரும் தெரிந்தாச்சு, அப்புறம்? எழுதி வைக்கணும். இ-பேர்ட் என்ற தளம் 2002-இல் ஆரம்பித்தது. எத்தனை நிமிஷம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பறவை எத்தனை என்று அதில் பட்டியல் போடலாம். பட்டியல் முடிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நீங்க அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் எழுதிவிட்டீங்களா? இந்தக் கேள்விதான் மொத்த சிஸ்டத்தின் உயிர் என்பேன். ஆமாம் என்று சொன்னால், நீங்க எழுதாத பறவை எல்லாம் "இங்கே இல்லை" என்ற தகவலாக மாறிவிடுகிறது. இருப்பதைச் சொல்வது சுலபம். இல்லாததை யாராவது முறையாகச் சொன்னால்தான் குறைகிறதா கூடுகிறதா என்று கணக்குப் போட முடியும். நூறு முழுப் பட்டியலில் பனங்காடை பத்து வருஷம் முன்னாடி எத்தனையில் இருந்தது, இப்ப எத்தனையில் இருக்கிறது என்று பார்க்கலாம் இல்லையா? அபூர்வப் பறவை படம் எடுத்து இன்ஸ்டாவில் போடுவதில் இது கிடைக்காது. அஞ்சு காக்கா, ரெண்டு மைனா என்று பொறுமையாக எழுதும் பதினைந்து நிமிஷப் பட்டியலில்தான் கிடைக்கும்.

இது கற்பனை இல்லை. 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை இப்படித்தான் தயாரானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைகளை மதிப்பிட்டார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தகவல் இருந்தது 338 வகைகளுக்கு மட்டும். அவற்றில் 60 சதவீதம் குறைந்துகொண்டு வருகின்றன. மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன. பனங்காடை குறைந்திருக்கிறது. பனங்காடை ஒன்றும் அபூர்வப் பறவை கிடையாது, கரண்ட் கம்பியில் உட்கார்ந்து பறக்கும்போது நீல இறக்கையை விரிக்குமே, அதுதான். காலேஜ் வளாகம் மாதிரி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் பட்டியலுக்கு இதில் நல்ல மதிப்பு உண்டு. பொங்கல் லீவில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் கணக்கெடுப்பு; நம்ம நாட்டில் அதோடு சேர்த்துக் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாகவும் நடக்கிறது. இன்டர்னல்ஸுக்கு நடுவில் பதினைந்து நிமிஷம் எல்லாருக்கும் கிடைக்கும்.

பயணத்தில் பறவை பார்ப்பது தனி ருசி. நான் பரிந்துரைப்பது பகல்நேர ரயில், ஜன்னல் சீட். ஈரோட்டிலிருந்து சென்னைக்கு வரும்போது பாருங்க, நம்ம கொங்குப் பக்கம் சோளக்காட்டில் மயில், கம்பியில் கரிச்சானும் பஞ்சுருட்டானும், ஏரி வந்தால் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். ரயில் வேகத்தில் நிறம் தெரியாது. உருவத்தை வைத்தே சொல்லிப் பழக இதைவிட நல்ல டிரெய்னிங் இல்லை.

வெளிநாடு போனால் எல்லாம் புதுசாக இருக்கும் என்று நினைப்போம். போன வருஷம் சிங்கப்பூரில் சித்தி வீட்டில் பத்து நாள் இருந்தேன். முதல் நாள், இன்னும் இருட்டு விலகவில்லை, பதினோராவது மாடி ஜன்னலுக்கு வெளியே என்னை எழுப்பியது எது தெரியுமா? குயில். சித்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு அந்தச் சத்தம் சுத்தமாகப் பிடிக்கவில்லை, தூக்கம் கெடுகிறதாம். நம்ம ஊரில் பாட்டில் எல்லாம் வரும் பறவை அங்கே புகார் லிஸ்டில் இருக்கிறது! இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கிறது. 1890களில் மலேயாவின் கிள்ளான் பக்கம் காபித் தோட்டங்களில் புழுத் தொல்லை. அதைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்காவைக் கொண்டுபோய் விட்டார்கள். தமிழர்களும் மலேயாத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போன காலம்தான் அது. காபித் தோட்டங்கள் போய்விட்டன, காக்கா பெருகிவிட்டது. குயில் கூடு கட்டாது, காக்கா கூட்டில் முட்டை வைக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். வளர்ப்புத் தாய் அங்கே தயாராக இருந்ததால், குயிலும் சிங்கப்பூரில் நிலையாகக் குடியேறிவிட்டது. அந்த ஊரில் நான் ஆசைப்பட்டுப் பார்த்தது இருவாச்சி. ஒரு காலத்தில் அங்கே அற்றுப்போயிருந்த பறவை, 1990களில் உபின் தீவுக்குத் திரும்பி வந்தது. செயற்கைக் கூடுகள் வைத்துப் பெருகவிட்டார்கள். இப்ப ஃபிளாட் பால்கனிக்கே வந்து உட்காருகிறது.

மைனா கதை இன்னும் மோசம். 1862-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காய்கறித் தோட்டப் பூச்சிகளைத் தின்பதற்கென்று இறக்கினார்கள். பூச்சியைத் தின்றதோ இல்லையோ, உள்ளூர்ப் பறவைகளின் மரப்பொந்துகளைப் பிடுங்கிக்கொண்டது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியலை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு வெளியிட்டது. அதில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று மைனா. இன்னொன்று கொண்டைக்குருவி, நம்ம கேன்டீன் கூரையில் கூடு கட்டுமே, அதேதான். ஃபிஜி, ஹவாய்த் தீவுகளில் பழத்தோட்டக்காரர்களுக்குத் தலைவலி. நம்ம ஊரில் சாதுவாக இருக்கும் ரெண்டு பேர் உலக அளவில் ரவுடி லிஸ்டில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா அவங்களாகப் போகவில்லை, மனுஷன்தான் கூண்டில் வைத்துக் கொண்டுபோனான்.

லண்டன் பூங்காக்களில் பச்சைக்கிளி கூட்டமாகப் பறக்கிறது. கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைத் திறந்துவிட்டார், அதிலிருந்து பெருகியது என்று அங்கே கதை சொல்வார்கள். 2019-இல் ஆய்வாளர்கள், தொடர் கொலையாளி எங்கே வசிக்கிறான் என்று போலீஸ் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அதே வரைபடக் கணக்கைக் கிளிப் பதிவுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஹென்ட்ரிக்ஸ் நிரபராதி. பல வருஷமாகப் பல வீட்டுக் கூண்டுகளிலிருந்து தப்பித்த கிளிகள்தான்.

இனி நம்மிடம் வரும் பயணிகள். வேடந்தாங்கல் என்றதும் "சைபீரியாவிலிருந்து வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்" என்று டிவியில் சொல்வார்கள். இதைச் சரி செய்தே ஆகணும். அங்கே மரத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் நம்ம நாட்டுப் பறவைகள். மழையையும் ஏரித் தண்ணியையும் பார்த்து இடம் மாறுகிறவை. தூர தேசத்திலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே வருவது சாப்பிட, குளிருக்குத் தப்பிக்க. அவை குஞ்சு பொரிப்பது வடக்கே, அவற்றின் கோடைகாலத்தில். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 1798-லேயே அன்றைய கலெக்டரிடமிருந்து பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்க ஈரோடு வெள்ளோட்டிலும் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, மத்தாப்பு மட்டும்.

உண்மையான தூரப் பயணி வேண்டும் என்றால் திருநெல்வேலி கூந்தன்குளம் போங்க. தலையில் ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்து குளிர்காலத்தில் வரும். மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. ட்ராக்கர் கட்டி அளந்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜன் பாதிகூட இருக்காது. அதன் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட இறுக்கமாக ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும்படி மாறியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மலைச்சரிவை ஒட்டியே ஏறி இறங்குகிறது, ஒரே உயரத்தில் நேர்கோட்டில் போவதில்லை. கணக்குப் பார்த்தால் அதுதான் சக்தி மிச்சம்.

இவ்வளவு தூரம் போகவேண்டாம், ஒரு பயணி நம்ம வளாகத்துக்கே வருகிறது. ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீல இறக்கை, வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. மைனாவைவிடச் சின்னது, எடை ஐம்பது அறுபது கிராம்தான். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும், அதனால் அந்தப் பெயர். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரியில் பறந்து செப்டம்பர் அக்டோபரில் தெற்கே வரும். வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டுத் தோட்டம், ஆஸ்பத்திரி வராண்டா, ஹாஸ்டல் காரிடார் என்று கண்ட இடத்தில் இறங்கும்.

இந்த அக்டோபரில் புது பிளாக்கின் கிழக்குக் கண்ணாடிச் சுவருக்குக் கீழே ஒரு ஆறுமணிக்குருவி கிடந்தது. அந்தக் கண்ணாடியில் எதிரே இருக்கும் வேப்பமரம் அப்படியே தெரியும். பறவைக்குக் கண்ணாடி என்று ஒன்று தெரியாது. மரம் என்று நினைத்து முழு வேகத்தில் போய் மோதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த பறவை, கடைசிப் பத்து மீட்டரில். ஷூ பாக்ஸில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்தோம். தண்ணி, சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒன்றரை மணி நேரம் கழித்து வேப்பமரத்தடியில் திறந்துவிட்டோம், தத்தித் தத்தி இலைச் சருகுக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம் அதே இடத்தில் கிடந்த ஒரு புள்ளிப்புறாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இது நம்ம பிரச்சினை மட்டும் இல்லை. சிகாகோவில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்ணாடிக் கட்டடத்தில் 2023 அக்டோபரில் ஒரே ராத்திரியில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த வருஷம் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் உள்ள ஃபிலிம் ஒட்டினார்கள், சாவு பெருமளவு குறைந்துவிட்டது. நியூயார்க்கில் புதுக் கட்டடங்களுக்குப் பறவைக்குத் தெரியும் கண்ணாடிதான் போடணும் என்று சட்டமே இருக்கிறது. இதில் டெக்னாலஜி என்று பெரிதாக எதுவும் இல்லை. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் இருக்கணும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டணும். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். பருந்து ஸ்டிக்கர் ஒன்றே ஒன்று ஒட்டுவது வேலைக்கு ஆகாது, அதைச் சுற்றிப் போய் மோதும்.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் ரெண்டு பேர் கிழக்குச் சுவரை அளந்து எவ்வளவு ஃபிலிம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதையும், எந்தத் தேதியில் எந்தப் பறவை எங்கே விழுந்தது என்ற குறிப்பையும் சேர்த்து மனுவாகக் கொடுத்திருக்கிறோம். "நாலு பறவைதானே" என்று பதில் வந்தது. நாலு என்பது நாங்க பார்த்தது மட்டும். பூனையும் காலையில் பெருக்கும் அக்காக்களும் எங்களுக்கு முன்னாடியே எழுந்துவிடுகிறார்கள். அதனால் இப்ப தேவை, தினமும் காலை ஏழு மணிக்குள் அந்தச் சுவர் ஓரம் ஒரு தடவை நடந்து பார்க்க ஆள். எதுவும் விழவில்லை என்றாலும் "இல்லை" என்று தேதி போட்டு எழுதணும். மார்ச்சில் வலசை திரும்பிப் போகும் சீசன் ஆரம்பம். ஆறுமணிக்குருவிகள் ஏப்ரல் வாக்கில் கிளம்பும். நாங்க ஃபைனல் இயர், ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்ததும் கிளம்பிவிடுவோம். செகண்ட் இயர், தேர்ட் இயரிலிருந்து ஆறு பேர் வந்தால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும். சனிக்கிழமை காலை 6.15, மெஸ்ஸுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி பக்கம் வாங்க. பைனாகுலர் ஒன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கலாம்.